இரண்டு பெயர் போட்ட பட்டியல்

கணக்கு எழுதுவது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லித் தரப்போவதில்லை. நீங்கள் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். கணினியும் நீங்கள் சொன்ன பேச்சைக் கேட்கிறது. நான் கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் முப்பத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தவள். ஓய்வு பெற்ற மறுமாதமே, 'சும்மாதானே இருக்கீங்க' என்ற ஒரே தகுதியில் என்னை இந்தக் குழுவுக்குப் பொருளாளர் ஆக்கிவிட்டார்கள். ஆறு வருடம் இருந்தேன். இப்போது புதிய செயலாளர் கூப்பிட்டு, பொறுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்றார். சாதனைகளை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. ஆகவே நான் செய்த பெரிய தவறு ஒன்றை எழுதுகிறேன். அது அரைப் பக்கத்தில் முடியாது.

வெளியாட்கள் யாராவது படித்தால் புரியவேண்டுமே என்பதற்காக, குழுவைப் பற்றி நாலு வரி. வீட்டில் குடிக்கிற ஒருவரை வைத்துக்கொண்டு திண்டாடும் குடும்பங்களுக்காக இணையத்தில் நடக்கும் தமிழ்க் குழு இது. கட்டடம் கிடையாது. சம்பளம் வாங்கும் ஆள் கிடையாது. உறுப்பினர்கள் மாதம் பத்து ரிங்கிட்டோ இருபது ரிங்கிட்டோ வங்கி வழியாக அனுப்புவார்கள். அதில்தான் இணையதளத்துக்கு வாடகை, வருடத்துக்கு ஒரு பொதுக்கூட்டம், வீட்டை விட்டு அவசரமாகக் கிளம்பவேண்டிய பெண்ணுக்கு அறை முன்பணம் எல்லாம். எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சொந்தப் பெயரில் எழுதுகிறவர்கள் குறைவு. செவ்வந்தி, மைனா, வானவில் என்று ஆளுக்கொரு பெயர். 'போதும்டா சாமி' என்றுகூட ஒருவர் இருந்தார்.

இந்தப் புனைபெயர் எல்லாம் எழுதும்போதுதான். பணம் அனுப்பும்போது வங்கி சொந்தப் பெயரைக் காட்டிவிடும். எந்தப் பணம் யாருடையது என்று வரவு வைக்க, இடப்பக்கம் வங்கியில் உள்ள பெயர், வலப்பக்கம் குழுவில் உள்ள பெயர் என்று நான் ஓர் அட்டவணை வைத்திருந்தேன். தலைவருக்குக்கூட அதைக் காட்டியதில்லை. அந்த அட்டவணைதான் இந்தக் குழுவின் உண்மையான சொத்து. வங்கியில் இருப்பது வெறும் பணம்.

அந்த வருடம் கையிருப்பு இறங்கிக்கொண்டே வந்தது. தளத்தின் வாடகையை அமெரிக்க டாலரில் கட்டவேண்டும். ரிங்கிட் இறங்க இறங்க அது ஏறியது. உறுப்பினர்களோ தீபாவளிக்கு ஒரு சாக்கு, பள்ளி திறப்புக்கு ஒரு சாக்கு என்று விட்டுவிட்டுக் கட்டினார்கள். கமிட்டிக் கூட்டத்தில் தலைவர் ஒரு யோசனை சொன்னார். அவர் ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியர். அருமையான மனிதர், ஆனால் வாயில் ஒரு ரகசியமும் நிற்காது.

"கோயில்ல பாருங்கம்மா, ஒரு காத்தாடி வாங்கிக் குடுத்தவன்கூட றெக்கையில பேர் எழுதி வெக்கிறான். பேர் போட்டா காசு வரும். மாசாமாசம் கட்டினவங்க பட்டியலப் போடுங்க" என்றார்.

போட்டேன். புனைபெயரும் தொகையும் மட்டும். உறுப்பினர்கள் பார்க்கும் அறிவிப்புப் பக்கத்தில். தலைவர் சொன்னது சரிதான், பணம் கொஞ்சம் கூடுதலாக வந்தது. கூடவே வம்பும் வந்தது. மகனுடைய வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பியவர், குறிப்பில் ஒன்றும் எழுதாமல் அனுப்பியவர், மாதக் கடைசியில் அனுப்பிவிட்டு அதே மாதப் பட்டியலில் தேடியவர் என்று ஆளாளுக்கு 'என் பெயர் எங்கே' என்று எழுத ஆரம்பித்தார்கள். பதில் எழுதியே என் விரல் தேய்ந்தது. அப்போது ஷா ஆலத்திலிருந்து ஒருவர், குழுவில் சொந்தப் பெயரிலேயே எழுதுகிறவர், ஒரு வரி போட்டார். 'பொருளாளர் வீட்டுக்குப் புது சோபா வந்திருக்காமே?' பக்கத்தில் சிரிக்கிற முகம் மூன்று.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. முப்பத்திரண்டு வருடம் ஒரு சென் பிசகாமல் கணக்கு ஒப்படைத்தவள் நான். என் வீட்டு சோபாவுக்கும் என் மகளுக்கும் ஒரே வயது. வெள்ளிக்கிழமை மதியம், சாப்பிட்ட தட்டைக்கூடக் கழுவாமல் கணினி முன்னால் உட்கார்ந்தேன். நான் பூட்டி வைத்திருந்த அட்டவணையை அப்படியே எடுத்தேன். வங்கியில் உள்ள பெயர், குழுவில் உள்ள பெயர், தேதி, தொகை. ஒருவர்கூட விடுபடாமல் அறிவிப்புப் பக்கத்தில் போட்டு, 'சந்தேகம் உள்ளவர்கள் பார்த்துக்கொள்ளவும்' என்று தலைப்பும் கொடுத்தேன். உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் நம்மவர்கள்தானே என்று நினைத்தேன். கூட்டுத்தொகை அழகாக ஒத்துப்போனது. இரண்டு முறை மேலிருந்து கீழ்வரை படித்து ரசித்தேன் என்பதையும் வெட்கத்தோடு சொல்லிவிடுகிறேன்.

முக்கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, தொலைபேசி அடித்தது. கட்டணப் பக்கத்தில் என் எண் இருக்கும். யார் வேண்டுமானாலும் கூப்பிடலாம். தெரியாத எண், தணிந்த பெண் குரல்.

"அக்கா, நான் குழுவில மல்லிகைன்னு எழுதுறேன்."

மல்லிகை என்பது நான் இங்கே வைத்த பெயர். ஊரையும் அவர்கள் வீட்டு வேலைகளையும்கூட மாற்றித்தான் எழுதுகிறேன். இனிமேல் நான் எழுதும் எதிலும் அப்படித்தான் இருக்கும்.

"சொல்லும்மா."

"அந்த லிஸ்ட்ட எடுங்கக்கா. இப்பவே எடுங்க. என் பேரும் மல்லிகைன்னும் பக்கத்துல பக்கத்துல இருக்கு. என் நாத்தனார் இதே குழுவில இருக்காங்க. ஒரே வீட்டுல இருக்கோம்க்கா."

மல்லிகை யார் என்று எனக்குத் தெரியும், முகம்தான் தெரியாது. ஒரு வருடமாக அவர் எழுதிக்கொண்டிருந்தார். ஜெஞ்சாரோம் பக்கம் வீடு. புருஷன் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழம் ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். குடித்துவிட்டு வந்தால் கை நீட்டுவார். மகள் பள்ளி இறுதி எஸ்.பி.எம். பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். கடைசித் தாள் முடிந்த மறுநாள் மகளை அழைத்துக்கொண்டு வெளியேறுவது என்று மல்லிகை முடிவு செய்து, அதற்கான யோசனைகளைக் குழுவில்தான் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கே போவது, எந்தக் காகிதங்களை முதலில் எடுத்து வைப்பது, எல்லாம் அதில் இருந்தது. செந்தூலில் ஓர் அறைக்கு முன்பணம் கட்ட கமிட்டி ஒப்புக்கொண்டு, காசோலையில் கையெழுத்துப் போட்டவளே நான்தான். 'வீட்டை விட்டுக் கால் எடுத்து வெச்சே, பொண்ணு பள்ளிக்கூட வாசல மிதிக்க மாட்டா' என்று அந்த மனிதர் ஒருமுறை சொல்லியிருந்தார். மல்லிகை யார் என்று அந்த வீட்டுக்குத் தெரிந்தால் பரீட்சையும் போச்சு, அறையும் போச்சு. முதுகுத்தோல் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை.

தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டே பட்டியலை எடுத்தேன்.

"எடுத்துட்டேன்ம்மா. உன் நாத்தனார் எப்படிப்பட்டவங்க?"

"நல்லவங்கதான்க்கா. அதுதான் பயமே. என் பதிவைப் படிச்சிட்டு, 'அந்த ஆள விட்டுட்டுப் போயிடு தங்கச்சி, நாங்க இருக்கோம்'னு அவங்களே எழுதினாங்க. ஆள் யாருன்னு தெரியாம எழுதினது. சொந்தத் தம்பின்னு தெரிஞ்சா விடுவாங்களா?"

அந்த நாத்தனாரும் எனக்குத் தெரிந்தவரே. புருஷனை இழந்தவர், தம்பி வீட்டில் இருந்துகொண்டு, தம்பியின் குடிக்கு மருந்து தேடிக் குழுவில் சேர்ந்தவர். சொந்தப் பெயரில் எழுதுவார், மாதம் தவறாமல் இருபது ரிங்கிட் அனுப்புவார். நான் மதிப்பு வைத்திருந்த உறுப்பினர்களில் ஒருவர்.

"வேற எங்கயும் இல்லியேக்கா?" என்று மல்லிகை கேட்டார். இல்லை என்றேன். அப்போது அப்படித்தான் நம்பினேன்.

தொலைபேசியை வைத்துவிட்டு என் மின்னஞ்சலைத் திறந்தேன். என் பட்டியல் எனக்கே வந்து உட்கார்ந்திருந்தது. அறிவிப்புப் பக்கத்தில் எது போட்டாலும் அது எல்லா உறுப்பினருக்கும் மின்னஞ்சலாகப் போகும். அந்த ஏற்பாட்டைக் கேட்டு வாங்கியதே நான்தான். பத்துமலைப் பக்கம் இருக்கும் எங்கள் கணினிக்காரரைக் கூப்பிட்டேன். அவர் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டு ஓய்வு நேரத்தில் தளத்தைக் கவனித்துக்கொள்பவர்.

"அனுப்பின மெயில திருப்பி எடுக்க முடியாதுக்கா. போனது போனதுதான்லா" என்றார். பிறகு அவரே, "வேணும்னா எல்லாருக்கும் இன்னொரு மெயில் போடலாமா, தயவுசெய்து அழிச்சிடுங்கன்னு?" என்றார்.

கை அரித்தது. அதைத்தான் முதலில் செய்யத் தோன்றும். ஏதாவது செய்தோம் என்ற நிம்மதி கிடைக்கும், அவ்வளவுதான். நம் ஆட்களிடம் ஒன்றைப் பார்க்காமல் அழியுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். அழிப்பதற்கு முன்னால் ஒவ்வொருவரும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் அழிப்பார்கள். வேண்டாம் என்றேன்.

மல்லிகையிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்று பத்து நிமிடம் யோசித்தேன். சொல்லாமல் இருந்தால் எனக்குச் சௌகரியம். ஆனால் அடி வாங்கப்போவது நான் இல்லை. கூப்பிட்டுச் சொன்னேன்.

"அண்ணி மெயில் பார்க்க மாட்டாங்கக்கா. போன்ல ஆயிரக்கணக்குல நிக்கும், தொறக்கவே மாட்டாங்க. யாராச்சும் பாருன்னு சொன்னாத்தான் பார்ப்பாங்க."

"அவங்க போன எடுத்து நீ அழிச்சிட முடியாதா?"

"தூங்கும்போதுகூட தலகாணிக்கு அடியில வெச்சிருப்பாங்க."

"அப்ப இன்னைக்கே கிளம்பிடு. பணம் நான் ஏற்பாடு பண்றேன்."

"பொண்ணு அந்தப் பள்ளிக்கூடத்துலதான்க்கா எழுதணும். இன்னும் அஞ்சு வாரம் பேப்பர் இருக்கு. அவ டாக்டருக்குப் படிக்கணும்னு ஆசைப்படுறா." கடைசி வாக்கியத்தை மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னார். அன்றைக்கு எனக்கு என்மேல் வந்த கோபம் ஷா ஆலம்காரர்மேல்கூட வந்ததில்லை.

பட்டியலைப் பற்றி யாரும் பேசக்கூடாது, நானும் பேசக்கூடாது. அதுதான் ஒரே வழியாகத் தெரிந்தது. அன்று மாலைக்குள் மூன்று அறிவிப்புகள் எழுதி வரிசையாகப் போட்டேன். தள வாடகையின் டாலர் மாற்று விகித விளக்கம், ரசீது எண்ணிடும் முறை, கமிட்டிப் போக்குவரத்துச் செலவு விதிகள். என் வாழ்க்கையில் நான் எழுதியதிலேயே இவ்வளவு சப்பென்ற எழுத்து கிடையாது. ஒவ்வொன்றும் எல்லாருடைய மின்னஞ்சலுக்கும் போய், அந்தப் பட்டியலைக் கீழே தள்ளியது. அடுத்த வாரமும் அதேபோல் நாலு போட்டேன். 'பொருளாளருக்கு என்ன ஆச்சு' என்று செயலாளர் தலைவரிடம் கேட்டாராம்.

தலைவர் என்னிடமே கேட்டார். "ஏம்மா, பட்டியலப் போட்டீங்க, ஒரு மணி நேரத்துல எடுத்தீங்களாம். ஜனங்க பேசுறாங்க."

"தப்பு வந்திடுச்சு சார். திருத்தணும்."

"என்ன தப்பு?"

"என் தப்புதான் சார்."

அவர் முகம் வாடிவிட்டது. அவரிடம் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். சொல்லியிருந்தால் அவர் கண் கலங்கியிருப்பார். அந்தக் கலக்கத்தோடு செயலாளரிடம் போய், 'யாருக்கும் சொல்லாதீங்க' என்று ஆரம்பித்திருப்பார்.

இதற்குள் மேலும் இரண்டு பேர் காரணம் சொல்லாமல் குழுவை விட்டு விலகினார்கள். பட்டியலைப் பார்த்துத்தான் போனார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர்கள் யாரிடம் போய்த் தங்கள் கஷ்டத்தைச் சொல்கிறார்களோ என்று நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது.

மூன்று வாரம் கழித்துப் பொதுக்கூட்டம். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவரிசையின் மேல்மாடியில் வாடகை அறை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. கீழ்க்கடையிலிருந்து வடையும் தே தாரேக் டீயும் வந்திருந்தன. நாற்பது பேருக்குக் குறையாமல் வந்திருந்தார்கள். வழக்கமாகப் பதினைந்து பேர் வந்தாலே அதிசயம். எதற்காக வந்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது.

வாசலில் நின்று வருகைப் பதிவில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். அந்த நாத்தனார் வந்தார். கனத்த உடம்பு, கனத்த கைப்பை, வாய் நிறையச் சிரிப்பு. பின்னால் ஒல்லியாக ஒரு பெண்.

"இது என் தம்பி பொண்டாட்டி. வீட்டுலயே அடைஞ்சு கிடக்கா. குடிக்கிறவன எப்படிச் சமாளிக்கிறதுன்னு நாலு விஷயம் காதுல விழட்டும்னு இழுத்துட்டு வந்தேன்."

"வணக்கங்கக்கா" என்றார் அந்தப் பெண். மூன்று வாரத்துக்கு முன்னால் தொலைபேசியில் கேட்ட அதே குரல். 'வாங்கம்மா, டீ குடிங்க' என்றேன். நான் நீட்டிய பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பரீட்சை முடிய இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

சென்ற ஆண்டு அறிக்கை, செயலாளர் அறிக்கை என்று கூட்டம் நகர்ந்தது. என் கணக்கறிக்கையை வாசித்தேன். தணிக்கையாளர் கையெழுத்துப் போட்ட அறிக்கை. ஒரு சென் வித்தியாசம் இல்லை. கேள்விகள் உண்டா என்று தலைவர் கேட்டதும் ஷா ஆலம்காரர் எழுந்தார்.

"கணக்கெல்லாம் சரிதான்க்கா. ஆனா ஒரு மாசத்துப் பட்டியல மட்டும் போட்டு எடுத்திட்டீங்க. என்ன இருந்துச்சு அதுல?"

"பிழை இருந்துச்சு. எடுத்திட்டேன்."

"என்ன பிழைன்னு சொன்னா நாங்களும் தெரிஞ்சுக்குவோம்லா."

"நானும் இதையேதான் கேக்கணும்னு இருந்தேன்" என்று நாத்தனார் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார். "மாசம் இருபது வெள்ளி கட்டுறோம். பட்டியலப் போட்டா போட்டபடி இருக்கணும். எடுத்தா சந்தேகம் வரத்தானே செய்யும்?"

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அவருடைய இடத்தில் நான் இருந்தால் நானும் கேட்டிருப்பேன். கூட்டத்தில் நாலைந்து தலைகள் ஆமாம் என்று ஆடின. அப்போதுதான் ஷா ஆலம்காரர் கையைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "அட, இதுக்கு ஏன் சண்டை? மெயில்ல வந்திருக்குமே! நான் தொறந்து பாக்காமலே என்னோடத அழிச்சிட்டேன். யாராச்சும் வெச்சிருக்கீங்களா?"

"நான் எதையும் அழிக்கிறதில்ல" என்றார் நாத்தனார். "இருங்க, பாக்குறேன்."

கைப்பையைத் திறந்தார். மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினார். தொலைபேசியை எடுத்தார். விரலால் மேலே தள்ள ஆரம்பித்தார். "சே, இந்த அக்கா அனுப்பின மெயிலே எத்தனை! போக்குவரத்துச் செலவு... ரசீது எண்..." பக்கத்து நாற்காலியில் மல்லிகை தேநீர்க் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்ற புத்தி அவருக்கு இருந்தது.

எனக்கு இருந்தது ஏழெட்டு விநாடி. என்ன காரணம் சொன்னாலும், எந்தப் பிழை என்று சொன்னாலும், அவர்கள் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தான் போகிறார்கள். அந்த அறையில் எல்லாருடைய கண்ணும் தொலைபேசியை விட்டு வேறெங்காவது போகவேண்டும். போவதற்கு அங்கே இருந்த ஒரே இடம் நான்தான்.

நாற்காலியைச் சத்தமாகத் தள்ளிக்கொண்டு எழுந்தேன்.

"அந்தப் பட்டியல நான் கோபத்துல போட்டேன். போட்டது என் கவனக்குறைவு. அதுக்கு மேல ஒரு வார்த்தை நான் விளக்கம் சொல்லப்போறதில்ல. யார் கேட்டாலும் சொல்லமாட்டேன்."

"என்னக்கா இது, இப்படிப் பேசுறீங்க?" என்று யாரோ சொன்னார்கள்.

"இப்படித்தான் பேசுவேன். ஆறு வருஷமா சம்பளம் இல்லாம உங்க கணக்க எழுதிட்டு, சோபா வாங்கிட்டேன்னு கேக்கணும்னு எனக்குத் தலையெழுத்தா? என் மேல நம்பிக்கை இல்லாதவங்க கை தூக்குங்க. இப்பவே தூக்குங்க, எழுந்து போயிடுறேன்."

அறையே கொந்தளித்தது. 'என்ன திமிரு' என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. நான் எதிர்பார்த்தது அதைத்தான். தலைவர் பதறிப்போய், "அம்மா, உக்காருங்க, விதியில அப்படியெல்லாம் இல்ல" என்றார். "விதியில இருக்கு சார், எந்த உறுப்பினரும் தீர்மானம் கொண்டு வரலாம்" என்று ஷா ஆலம்காரர் எடுத்துக் கொடுத்தார். வழிமொழிய நாலு பேர் போட்டி போட்டார்கள். நாத்தனார் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். விரல் நின்றுவிட்டது. கோபத்தில் முகம் சிவந்திருந்தது. நான் நல்லவள் என்று நம்பியிருந்திருக்கிறார் போலிருக்கிறது.

"பொருளாளர் மேல நம்பிக்கை இல்லாதவங்க..." என்று தலைவர் சொன்னார்.

கைகள் எழுந்தன. நாத்தனார் தொலைபேசி பிடித்திருந்த கையையே அப்படியே தூக்கினார். தூக்கிவிட்டுப் பக்கத்தில் திரும்பி, மல்லிகையைப் பார்த்தார். இவளுக்கு என்ன வந்தது, ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறாள் என்ற பார்வை. மல்லிகையும் அன்று வாசலில் கையெழுத்துப் போட்டவர்தான். புது உறுப்பினர் என்று நாத்தனாரே சந்தா கட்டிச் சேர்த்திருந்தார். மல்லிகை குவளையைக் கீழே வைத்தார். கை மெதுவாக எழுந்து தோள்பட்டையோடு நின்றது. முன்னால் இருந்தவரின் தலை மறைத்தது.

தலைவர் எண்ணிக்கொண்டே வந்தார். "இருபத்தாறு" என்றார்.

நாத்தனார் இன்னும் மல்லிகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்" என்றேன். "மூணாவது வரிசையில ஒரு கை விட்டுப்போச்சு."

தலைவர் கழுத்தை நீட்டிப் பார்த்தார். "ஆமா, ஆமா. இருபத்தேழு."

தீர்மானம் நிறைவேறியது. ஷா ஆலம்காரரையே புதிய பொருளாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். நாத்தனார் கண்ணாடியைக் கழற்றி, தொலைபேசியோடு சேர்த்துக் கைப்பையில் போட்டு மூடினார். விஷயம் முடிந்துவிட்டதல்லவா, அதற்கு மேல் யாருக்கும் எந்தப் பட்டியலும் தேவைப்படவில்லை. இருந்த வடையையும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள்.

எல்லாரும் போன பிறகு ஷா ஆலம்காரரைக் கீழ்க்கடைக்கு அழைத்துப்போய், கணக்குகளை ஒப்படைத்தேன். கடைசியாக அந்த அட்டவணையைக் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். அவருக்குத் தெரிந்தாகவேண்டும், இனி அதைக் காக்கப்போகிறவர் அவர். மனிதர் முகம் வெளிறிவிட்டது. "அக்கா, நான் எல்லாரையும் போன்ல கூப்பிட்டு..." என்று எழுந்தார். "உக்காருங்க. இதை யார்கிட்டயும் சொல்லாம இருக்கிறதுதான் உங்களுக்கு முதல் வேலை" என்றேன். ஆறு வருடம் என்னைக் கேள்வி கேட்டே கொன்ற மனிதர், அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. நல்ல பொருளாளராக இருந்தார். மாதப் பட்டியல் போடுவதை முதல் வேலையாக நிறுத்தினார். அட்டவணையை வங்கிப் பெயர் ஒரு கோப்பு, குழுப் பெயர் ஒரு கோப்பு என்று இரண்டாகப் பிரித்து வைக்கும் வழக்கத்தை ஏற்படுத்தியவரும் அவர்தான். இன்று உங்கள் கைக்கு வந்திருப்பது அதுதான். அதை யார் கேட்டாலும், தலைவரே கேட்டாலும், குழுவுக்கு நல்லது என்று உங்களுக்கே தோன்றினாலும் காட்டாதீர்கள். முக்கியமாக, யாராவது உங்களைத் திருடர் என்று சொன்ன அன்று அந்தக் கோப்பைத் திறக்காதீர்கள்.

எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய். வலித்தது. கிள்ளான் பாசாரில் காய் வாங்கும்போது ஒரு அம்மா என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். வீட்டுக்கு வந்து கத்தரிக்காயை மேசைமேல் போட்டுவிட்டு அழுதேன். குழுவில் சிலர் இன்னும் ஏதோ பணம் காணாமல் போனது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதைப் படித்தால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். எழுதலாமா என்று மல்லிகையிடம் கேட்டேன். மணவிலக்கு முடிந்துவிட்டது, மறைக்க இனி ஒன்றும் இல்லை, எழுதுங்கக்கா என்றார். நாத்தனாருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. இன்னும் மாதம் இருபது ரிங்கிட் அனுப்புகிறாராம். ஏன் என்று நான் கேட்கவில்லை.

கடைசித் தாள் எழுதிய மறுநாள் காலையில், புருஷன் லோரியை எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகு, நாத்தனார் பாசாருக்குப் போயிருந்த நேரத்தில் தாயும் மகளும் இரண்டு பைகளோடு வெளியேறியிருக்கிறார்கள். மதியம் செந்தூலிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, அன்னைக்கு நான் உங்களுக்கு எதிரா..."

"அத விடு. ரூம் எப்படி இருக்கு?"

"சின்னதுதான். ஜன்னல்ல ரயில் தெரியுது. இவ பாத்துக்கிட்டே இருக்கா." பிறகு அவரே தொடர்ந்தார். "அன்னைக்கு எனக்குக் கை மேல வரலக்கா. தோளு வரைக்கும்தான் வந்துச்சு. அண்ணி என்னையே பாக்குறாங்க. உங்களுக்கு எதிரா எப்படித் தூக்குறதுன்னு நின்னுட்டேன். ஒரு கை விட்டுப்போச்சுன்னு நீங்க சொன்னீங்க பாருங்க, அப்புறம்தான் முழுசா தூக்கினேன்."